பாருக்குப் பார் எண் போட்டாயிற்று, பிறகு என்ன?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி சுருக்கமாக இது: பாக்கின் 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' தொகுப்பில் முதலாவதாக வரும் சி மேஜர் பிரிலூடின் 35 பாருக்கும் (தாளில் நெடுங்கோடுகளுக்கு இடையே உள்ள தாளக் கட்டங்கள்) கீழே ரோமன் எண் (அந்தக் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரத் தொகுதி, ஸ்கேலின் எத்தனையாவது படியில் எழுந்தது என்று காட்டும் எண்) எழுதிக்கொண்டுபோய், புதுச்சேரியில் பியானோ சொல்லித்தரும் ஆசிரியையிடம் காட்டியிருக்கிறார். "கார்டை எண்ணியிருக்கீங்க, எந்தக் குரல் எங்கே போகுதுன்னு ஒரு கோடுகூடக் காணோமே" என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கூடவே சில சந்தேகங்கள். ஆசிரியையின் பிரெஞ்சுக் குறிப்பில் வரும் +4, +6 என்னவென்று புரியவில்லை. 23-ஆம் பாருக்கு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. மாதா கோவில் பாடகர் குழுவின் 'ஆவே மரியா' தாளில் பார் எண்ணிக்கை உதைக்கிறது. வீட்டில் இருப்பதோ 61 கீ உள்ள கீபோர்டு. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: கார்டுக்குப் பெயர் வைத்த பிறகு ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? பெயர் வைப்பது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்ததால்தான் மிச்சம் எதுவும் கண்ணில் படவில்லை.

முதலில் ஒரு சின்னச் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம், இல்லையென்றால் கீழே எழுதுவதெல்லாம் குழம்பும். பிரெஞ்சு முறையில் சுரங்களின் பெயர் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி. அதில் கடைசியாக வரும் 'சி', ஆங்கில முறையின் 'பி'. ஆங்கில முறையின் 'சி'யோ பிரெஞ்சில் 'தோ'. தமிழில் எழுதும்போது இரண்டுமே ஒரே 'சி'யாகிவிடுகின்றன. ஆசிரியை பிரெஞ்சு முறையில் சொல்ல, நீங்கள் தமிழில் குறித்துக்கொண்டால், நோட்டில் பாதி இடத்தில் சுரம் அரைப்படி தள்ளிப்போயிருக்கும். இன்னொன்று, பிரெஞ்சு தோ நம் ஷட்ஜம் போல இடம் மாறாது. எந்த ஸ்கேலாக இருந்தாலும் தோ என்றால் அதே கீதான். இந்தப் பதில் முழுக்க ஆங்கிலப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

இனி வேலை. தாளை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ரோமன் எண்களை அழித்துவிடுங்கள். முதல் 32 பாரிலும் ஒரே கோலம்தான்: ஐந்து சுரங்கள், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று, ஒரு பாருக்குள் அது இரண்டு முறை ஓடுகிறது. ஓட்டத்தை நிறுத்தி, ஐந்து சுரத்தையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 32 கார்டுகள் கிடைக்கும். அவற்றை ஐந்து பேர் சேர்ந்து பாடுவதாக நினைத்து, ஒவ்வொருவர் வரியையும் கீழிருந்து மேலாகத் தனித்தனியே எழுதுங்கள். முதல் நான்கு பாரில் கீழ்க் குரல் சி, சி, பி, சி. இரண்டாம் குரல் இ, டி, டி, இ. மூன்றாம் குரல் ஜி, ஏ, ஜி, ஜி. நான்காவது சி, டி, டி, சி. மேல் குரல் இ, எஃப், எஃப், இ. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். யாருமே ஒரு படிக்கு மேல் தாண்டவில்லை. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் இருந்த இடத்திலேயே நிற்கிறார்கள். உங்கள் முதல் தாளில் இந்த நான்கு பாரும் 'ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்று' என்று இருந்தது. தப்பில்லை. ஆனால் அதே நான்கு எண்ணை எவ்வளவு கரடுமுரடாக வேண்டுமானாலும் வாசிக்கலாம், எண்கள் அதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்து, உரசும் சுரங்களைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். இரண்டாம் பாரின் கார்டு டி, எஃப், ஏ, சி. அதில் செவன்த், அதாவது டி-யிலிருந்து எண்ணினால் ஏழாவது சுரம், எது? சி. அது இருப்பது எங்கே? அடியில். முதல் பாரில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த அதே சி, மேலே உள்ளவர்கள் நகர்ந்துவிட்டதால் இரண்டாம் பாரில் உரசலாகிறது. மூன்றாம் பாரில் ஒரு படி இறங்கி பி ஆகிறது. முன்கூட்டியே அங்கே இருந்தது, உரசியது, இறங்கியது. இந்த மூன்று நிலையும்தான் அந்தக் காலத்து வாய்ஸ் லீடிங்கின், அதாவது குரல்களை நடத்திச் செல்லும் முறையின், உயிர்நாடி. இதைப் பிடித்துக்கொண்டு கீழ்க் குரலை மேலும் தொடருங்கள். 5-ஆம் பாரில் சி, 6-இல் அதே சி உரசுகிறது, 7-இல் பி. 7-இல் சுகமாக இருந்த பி, 8-இல் உரசுகிறது, 9-இல் ஏ. 15-இல் இ, 16-இல் அதே இ உரசுகிறது, 17-இல் டி. 8-ஆம் பாருக்கு நீங்கள் எழுதியிருந்த 'சி மேஜர் செவன்த்' என்ற பெயர் சரிதான். ஆனால் அந்தப் பார் ஏன் அங்கே வந்தது என்பதற்குப் பதில் அந்தப் பெயரில் இல்லை. பி-யை ஏ-வுக்கு இறக்கிவிடுவதற்காக வந்த பார் அது.

இப்போது 1 முதல் 19 வரை கீழ்க் குரல் தொட்ட புதிய சுரங்களை மட்டும் வரிசையாக எழுதினால் சி, பி, ஏ, ஜி, எஃப், இ, டி, சி. சங்கராபரணத்தின் அவரோகணம், ஒரு முழு ஸ்தாயி. நடுவில் 10-ஆம் பாரில் டி-க்கும் 18-ஆம் பாரில் கீழ் ஜி-க்கும் ஒரு தாவல் இருக்கிறது. அவை இரண்டும் கேடன்ஸுக்காக, அதாவது இசை வாக்கியத்தை முடித்து நிறுத்துவதற்காக. ஒன்று ஜி-யில் கொண்டுபோய் நிறுத்துகிறது, மற்றது சி-யில். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டாரை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது இருந்தால் இது உடனே பிடிபடும். பேஸ் என்பது கார்டின் அடிச் சுரம் மட்டுமல்ல, தனியாகப் பாடக்கூடிய இன்னொரு மெட்டு.

எல்லாக் குரலும் எப்போதும் படிப்படியாகத்தான் போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 5 முதல் 8 வரை மேல் குரல் ஏ, டி, ஜி, சி என்று குதிக்கிறது. இங்கே பலர் 'விதி மீறல்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 5-ஐயும் 7-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள்: ஐந்து குரலும் அச்சாக ஒரு படி இறங்கியிருக்கும், ஏ ஜி-யாகியிருக்கும். 6-ஐயும் 8-ஐயும் வாசியுங்கள்: அதே கதை, டி சி-யாகியிருக்கும். படி இருக்கிறது, ஒரு பார் விட்டு ஒரு பாரில் இருக்கிறது. இதே கண்ணோடு 12-13, 14-15 என்ற இரண்டு ஜோடிகளையும் பாருங்கள். 12-இல் ஜி, பி ஃபிளாட், இ, ஜி, சி ஷார்ப் (ஃபிளாட் என்றால் அரைப்படி கீழ், ஷார்ப் என்றால் அரைப்படி மேல்). 13-இல் எஃப், ஏ, டி, ஏ, டி. கீழ் மூவர் இறங்குகிறார்கள், மேல் இருவர் ஏறுகிறார்கள். 14-இல் எஃப், ஏ ஃபிளாட், டி, எஃப், பி. 15-இல் இ, ஜி, சி, ஜி, சி. அதே அசைவு, ஒரு படி கீழே. 12-ஆம் பாருக்கு 'சி ஷார்ப் டிமினிஷ்ட்' என்று பெயர் எழுதிவிட்டு, சி மேஜரில் சி ஷார்ப்புக்கு என்ன வேலை என்று தலையைச் சொறிய வேண்டாம். அடுத்த பாரின் டி-யை அழைத்து வருவதற்காக ஒரு பார் மட்டும் கடன் வாங்கிய சுரம் அது. வந்த வேலை முடிந்ததும் போய்விடுகிறது.

ஆசிரியையின் + குறிக்கு இங்கே வந்தால்தான் அர்த்தம் புரியும். பிரெஞ்சு முறையில் பேஸ் சுரத்தின் மேல் எழுதும் எண், அந்தப் பேஸிலிருந்து எண்ணிய தூரம். + என்றால் அந்தத் தூரத்தில் இருப்பது லீடிங் நோட், அதாவது மேல் ஷட்ஜத்துக்கு ஏறத் துடிக்கும் காகலி நிஷாதம். 6-ஆம் பாரை எடுங்கள்: பேஸ் சி, மேலே டி, எஃப் ஷார்ப், ஏ. சி-யிலிருந்து நான்காவதாக இருப்பது எஃப் ஷார்ப், அது ஜி-க்கு ஏற வேண்டியது. அதனால் +4. ஆங்கிலப் பாடநூல் இதையே 4, 2 என்று அடுக்கி எழுதும். ஜி செவன்த் கார்டை பேஸில் டி வைத்து வாசித்தால், டி-யிலிருந்து ஆறாவது பி, அதனால் +6. ஆங்கில முறையில் 4, 3. மூன்றாம் பாரில் பேஸே லீடிங் நோட் என்பதால் + போட இடமில்லை. 6-க்குக் கீழே குறுக்குக் கோடு கிழித்த 5 எழுதுவார்கள், பி-க்கும் எஃப்-க்கும் இடையே உள்ள குறைந்த ஐந்தைக் காட்டுவதற்காக. இந்த விஷயத்தில் பிரெஞ்சு எண்தான் பயிற்சிக்குக் கூடுதல் உதவி என்பது என் கருத்து. கார்டின் பெயரோடு, எந்தச் சுரம் எந்தப் பக்கம் போகத் துடிக்கிறது என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது. ரோமன் எண்ணுக்கு வேறு பலம் உண்டு, எந்த ஸ்கேலில் இருக்கிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டும். இரண்டையும் ஒரே வரியில் கலக்காமல், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

24 முதல் 31 வரை உங்கள் தாளில் 'ஐந்து, ஒன்று, ஐந்து' என்று மாறி மாறி இருந்தது. இது ஆரம்பநிலையில் எல்லோரும் செய்வது. அந்த எட்டு பாரிலும் பேஸ் ஜி-யை விட்டு அசையவே இல்லை. தம்புரா போல அடியில் நிற்கும் சுரத்தின் மேல் மற்றவர்கள் நடமாடுகிறார்கள், அவ்வளவுதான். 25-ஆம் பாரில் சி, இ, ஜி மூன்றும் இருந்தாலும் அது வீடு வந்து சேர்ந்த 'ஒன்று' அல்ல, வாசலில் நிற்பது. எட்டு பாருக்கும் ஒரே ஒரு 'ஐந்து' எழுதி நீளமாகக் கோடு இழுங்கள். பிறகு மேல் குரலை மட்டும் பாருங்கள்: டி, இ, எஃப், எஃப், எஃப் ஷார்ப், ஜி, எஃப், எஃப், 32-இல் இ. இந்தப் பிரிலூடில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஜி செவன்த் கார்டின் எஃப், இ-க்கு இறங்க வேண்டும் என்பது பாடம். 27-இல் அந்த எஃப் வருகிறது, இறங்குவதற்குப் பதில் அரைப்படி ஏறி எஃப் ஷார்ப்பாகி, ஜி-யைத் தொட்டுவிட்டு, மறுபடி எஃப்புக்கே திரும்பி, 31 முடிந்து 32-இல்தான் இ-க்கு இறங்குகிறது. வர வேண்டியது ஐந்து பார் தள்ளி வருகிறது. வாசிக்கும்போது அந்த இடத்தில் ஏற்படும் இறுக்கத்துக்குக் காரணம் கார்டுகளின் பெயரில் கிடைக்காது, இந்த ஒற்றை வரியில் கிடைக்கும். 32-க்குப் பிறகு பேஸ் சி-யில் நின்றுவிடுகிறது, கடைசி வரை அங்கேயேதான்.

23-ஆம் பாருக்கு வருவோம். இதுவரை சொன்னவை தாளில் உள்ளபடியே நிரூபிக்கக்கூடியவை; இங்கிருந்து அபிப்பிராயம். 22-இல் எஃப் ஷார்ப், சி, ஏ, சி, இ ஃபிளாட். 23-இல் ஏ ஃபிளாட், எஃப், பி, சி, டி. 24-இல் ஜி, எஃப், ஜி, பி, டி. 23-இல் பி-யும் சி-யும் பக்கத்துப் பக்கத்துக் கீயில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு வாசிப்பு: கார்டு பி, டி, எஃப், ஏ ஃபிளாட், நான்காம் குரலின் சி, 22-இலிருந்து தங்கிவிட்ட பழைய ஆள், 24-இல் பி-க்கு இறங்குகிறார். இன்னொரு வாசிப்பு: கார்டு டி, எஃப், ஏ ஃபிளாட், சி, பி வழிப்போக்கன். நான் முதலாவதன் பக்கம், ஏனென்றால் அதில் சி-யின் மூன்று நிலையும் சுத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் இரண்டாவதை எழுதுபவரைத் தப்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, யாரிடமும் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியது குரல்களின் நடை மட்டும்: மேலே 21 முதல் இ, இ ஃபிளாட், டி என்று அரைப்படி அரைப்படியாக வழுக்குகிறது, அடியில் எஃப் ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் ஜி-யை இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டு அதில் விழுகின்றன. பெயர் கிடைக்காத பாரிலும் நடை கிடைக்கும். பரீட்சைத் தாளில் இரண்டு வாசிப்பையும் ஒரு வரியில் எழுதி, எதை ஏன் தேர்ந்தீர்கள் என்று சொன்னால் போதும்.

எஃப் ஷார்ப்பிலிருந்து ஏ ஃபிளாட்டுக்கு பேஸ் தாவுவது பழைய காதுகளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். 22-க்கும் 23-க்கும் நடுவில் ஜி-யைப் பேஸாகக் கொண்ட ஒரு பாரைச் செருகிய பதிப்புகள் உண்டு. ஷ்வென்கே பார் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அது பாக்கின் 1722 கையெழுத்துப் பிரதியில் இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் கூனோ இந்தப் பிரிலூடின் மேல் ஆவே மரியாவுக்கு மெட்டமைத்தபோது அந்தச் செருகல் பாரோடுதான் எடுத்துக்கொண்டார். அதோடு, மெட்டு நுழைவதற்கு முன் முதல் நான்கு பாரை ஒரு முறை முன்னிசையாக வாசிக்க வைத்தார். ஆகவே ஆவே மரியா தாளில் ஆரம்பத்திலிருந்து நான்கு கூடுதலாகவும், 22-ஆம் பாரைத் தாண்டியபின் ஐந்து கூடுதலாகவும் எண்ணிக்கை வரும். உங்கள் கணக்கும் சரி, கோவில் தாளின் கணக்கும் சரி. பேஸ் எஃப் ஷார்ப், ஜி, ஏ ஃபிளாட், ஜி என்று போனால் கோவில் தாள். நடுவில் அந்த ஜி இல்லாவிட்டால் பாக்.

மற்ற இசைக்கு இதே முறை செல்லுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மொசார்ட் 1788-இல் முடித்த சி மேஜர் சொனாட்டா (மொசார்ட் படைப்புகளின் கெஹெல் பட்டியலில் எண் 545) அடுத்த பயிற்சிக்குச் சரியானது. இடது கை சி, ஜி, இ, ஜி என்று ஆடிக்கொண்டே இருக்கும். அதற்குள் மூன்று குரல் ஒளிந்திருக்கிறது. முதல் நான்கு பாருக்கு அடிக் குரல் சி, டி, சி, சி, சி, பி, சி. நடுக் குரல் இ, எஃப், இ, எஃப், இ, டி, இ. மேலே ஜி, ஜி, ஜி, ஏ, ஜி, ஜி, ஜி. மூன்றாம் பாரின் தொடக்கத்தில் வரும் சி, எஃப், ஏ-வை 'நான்காம் படி' என்று எழுதலாம்தான். ஆனால் பேஸ் அசையவில்லை, மற்ற இருவரும் ஒரு படி ஏறி உடனே திரும்பிவிட்டார்கள். 'ஒன்று' மீது போட்ட ஒரு கமகம் என்று அதைப் பார்ப்பதே பொருத்தம். பியானோ இசையில் எத்தனை குரல் என்பது பாருக்குப் பார் மாறும். ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரட்டித்த சுரத்தைப் பார்த்து 'பேரலல் ஆக்டேவ்' என்று சிவப்புக் கோடு போடாதீர்கள். அது ஒரே குரலைத் தடிமனாக்குவது. இரண்டு தனிக் குரல்கள் ஐந்தாம் சுர இடைவெளி (சி-க்கும் ஜி-க்கும் உள்ளது போல) மாறாமல் சேர்ந்து நகர்ந்தால் மட்டும் கவனியுங்கள்.

ஷோபானின் இ மைனர் பிரிலூடில் (1839, ஓபஸ் 28, எண் 4) கதை தலைகீழ். இடது கையில் ஒரு விரல் அரைப்படி இறங்கும், பிறகு இன்னொன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏதோ ஒரு கார்டு உருவாகும், அதற்கெல்லாம் ரோமன் எண் தேடினால் பொழுது போய்விடும். அங்கே முதல் கார்டையும் கேடன்ஸையும் மட்டும் பெயரிட்டு, நடுவில் மூன்று சரிவுக் கோடு வரைவதே நியாயமான ஆராய்ச்சி. டெபுஸியின் 1910 பிரிலூடுகளுக்குப் போனால் இந்தக் கருவியே கைவிடும். முழு கார்டும் ஒரு பலகையைத் தள்ளுவது போல நகரும் இடங்கள் அதில் உண்டு. செவன்த் இறங்க வேண்டும், லீடிங் நோட் ஏற வேண்டும் என்ற ஆசையே அந்தச் சுரங்களுக்குக் கிடையாது. ஏறக்குறைய 1700 முதல் 1850 வரையிலான இசைக்குத்தான் மேலே சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். இசை ஆய்வாளர் ஷெங்கர் 1932-இல் இதே பாக் பிரிலூடுக்கு வரைந்த கோட்டுப்படத்தில், 35 பாரும் சேர்ந்து மேல் குரலில் இ, டி, சி என்ற மூன்றே சுரத்தின் இறக்கம் என்று காட்டுவார். வலுவான வாசிப்புதான். ஆனால் டி எந்தப் பாரில் 'உண்மையாக' வந்தது என்பது கேட்பவரின் தீர்ப்பு. பாரை எண்ணி அதை முடிவு செய்ய முடியாது. ஐந்து குரலையும் ஒருமுறை கையால் எழுதிப் பாடாதவர் அந்தப் படத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

61 கீ போதும். வழக்கமான 61 கீ கீபோர்டில் இடது கோடியில் இருக்கும் சி-தான் இந்தப் பிரிலூடின் மிகத் தாழ்ந்த சுரம், 32-ஆம் பாரில் முதலில் வருகிறது. மிக உயர்ந்தது 5-ஆம் பாரின் ஏ. ஆக்டேவ் ஷிஃப்ட் பட்டன் எதுவும் அழுத்தியிருக்கக் கூடாது, இல்லையென்றால் சுரம் இருக்க வேண்டிய ஸ்தாயியில் ஒலிக்காது. சஸ்டெயின் பெடல் வாங்க வேண்டாம், கார்டாக அழுத்தும்போது விரலே பிடித்துக்கொள்ளும். ஒலியை ஆர்கனுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது: பியானோ ஒலி தேய்ந்துவிடும், ஆர்கனில் தங்கிய சி-யும் புதிதாக வந்த டி-யும் உரசுவது கையை எடுக்கும்வரை கேட்கும். முதலில் 1 முதல் 4 வரை, நான்கு விரலை அழுத்தியபடி ஒரு குரலை மட்டும் வாயால் பாடுங்கள்; ஐந்து குரலுக்கும் ஐந்து சுற்று. மூன்றாம் சுற்றில், நடுக் குரலான ஜி, ஏ, ஜி, ஜி-யைப் பிடிக்க முடியாமல் பெரும்பாலும் மேல் குரலுக்கு வாய் தாவிவிடும். அப்படித் தாவினால் அந்த ஏ-வை மட்டும் சற்று அழுத்தி வாசித்துவிட்டு மறுபடி பாடுங்கள்.